பாட்டுக்குக் கீழே ஒரு பெயர்

இதில் அவள் பெயர் வராது. எழுத ஆசைதான். ஆனால் ஒருமுறை உள்ளூர் நிருபர் ஒருவர் அவளைப் பற்றி நாலு பத்தி எழுதிக்கொண்டு வந்து காட்டினார். அப்போது அவள் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவன் நான். "இது நீங்க எழுதுனது. கீழ உங்க பேரைப் போட்டுக்கோங்க. என் பேரு என் பாட்டுக்குக் கீழ இருந்தாப் போதும்." நிருபர் சிரித்துவிட்டு அவள் பெயரோடுதான் போட்டார். மறுநாள் அவள் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு அவருடைய ஆபீசுக்கே போய், "ஒரு பாட்டோட ஒரு வரிகூட இதுல இல்ல. அப்ப பேரு மட்டும் எதுக்கு?" என்று அரை மணி நேரம் நின்றாள். இந்த வயதில் அப்படி ஒரு சண்டையைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

மெயின்லேண்டுக்கு வந்து மகன் வீட்டில் உட்கார்ந்த பிறகு இதையெல்லாம் சொன்னால் சிரிக்கிறார்கள். அந்தமான் என்றால் இவர்களுக்கு ஜெயில், பவளப்பாறை, ஹனிமூன். அங்கே எலெக்ட்ரிக் கிதாரை மாட்டிக்கொண்டு தமிழும் தீவு ஹிந்தியும் கலந்து ராக் பாட்டு எழுதிப் பாடிய ஒரு பெண் இருந்தாள், அவள் கண்டது ஆறு பேண்டு, அதில் மூன்றில் நான் டிரம்ஸ் அடித்தேன் என்றால், "சார் நல்லா கதை விடுறீங்க" என்கிறார்கள். அரசாங்க ஆபீசில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் கதை விடத் தெரியாது என்று நினைக்கிறார்கள் போல. தெரியும். அதைப் பற்றியும் பின்னால் சொல்கிறேன்.

அவள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்தது. அவள் பிறந்ததும் வளர்ந்ததும் போர்ட் பிளேரில், மின்னி பேயில். ஜங்ளிகாட்டில் மீன் போட்டுகள் வந்து நிற்கும் இடத்தில் ஐஸ் கவுண்டர் அவள் பொறுப்பு. ஐஸ் பாரை உடைக்கிற மெஷின் நாள் முழுக்க ஓடும். அதற்கு மேலே குரலை ஏற்றினால்தான் போட்டுக்காரர்களுக்குக் கேட்கும். பத்து வருஷம் அப்படிப் பேசிப் பேசி உரம் ஏறிய தொண்டை. மைக் என்பது அவளுக்கு ஒரு கூடுதல் வசதி, அவ்வளவுதான். நான் அவளிடம் முதன்முதலில் கேட்டது பாட்டுகூட இல்லை. வரிசையில் நிற்காமல் முன்னால் வந்த ஒரு போட்டு முதலாளியை அவள் ஹிந்தியில் ஆரம்பித்துத் தமிழில் முடித்து வைத்த வசவு. அதில் தாளம் தப்பவே இல்லை. காலேஜில் என்சிசி பேண்டில் டிரம் அடித்தவனுக்கு அது காதில் விழாமல் போகுமா?

குள்ளம், அகலமான தோள், காலில் எப்போதும் முழங்கால் வரைக்கும் கறுப்பு கம்பூட்ஸ். மேடைக்கும் அதேதான். "பாட வாரப்போவாவது செருப்பு போட்டுட்டு வரக் கூடாதா?" என்று கேட்டேன். "ஈரத்துல நின்னு கரண்ட்டுக் கம்பியைத் தொடுதோம்ணே. நீங்க உக்காந்து அடிக்கிறீங்க, உங்களுக்கென்ன?" என்றாள். அதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் வருஷத்தில் எட்டு மாதம் மழை.

கடல் காற்றில் கிதார் கம்பி மூன்று வாரம் தாங்கினால் அதிசயம். புதுக் கம்பி கப்பலில் வர வேண்டும். கப்பல் என்றைக்கு வரும் என்பது கப்பலுக்கே தெரியாது. ஒருமுறை மூன்றாவது கம்பி அறுந்துவிட்டது. அவள் மீன் பிடிக்கிற தடித்த நைலான் நரம்பை இழுத்துக் கட்டிப் பார்த்தாள். எலெக்ட்ரிக் கிதாருக்கு நைலான் ஆகாது, அந்த ஒரு கம்பி மட்டும் ஊமையாக நின்றது. வேறு யாராக இருந்தாலும் ரிகர்சலை ஒத்திப்போட்டிருப்பார்கள். இவள் மிச்சம் இருந்த ஐந்து கம்பியை வைத்தே ஒரு பாட்டு எழுதினாள். பிறகு புதுக் கம்பி வந்தது, போட்டாள். ஆனாலும் அந்தப் பாட்டில் மட்டும் மூன்றாவது கம்பியைக் கடைசிவரை தொடவில்லை. "இது இல்லாதப்போ பொறந்த பாட்டு. இப்ப வந்து உரிமை கேட்டா எப்படி?" என்று கம்பியைப் பார்த்துச் சொன்னாள். சத்தியமாகக் கம்பியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நஹின்னா நஹிதான்" என்பது அவள் வாய்ப்பாடு. இல்லை என்றால் இல்லைதான். தூத்துக்குடித் தமிழும் தீவு ஹிந்தியும் ஒட்டிப் பிறந்த அந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. கல்யாணத்துக்குக் கேட்டு வந்தவர்கள் எல்லோரும், ஒருவர் தவறாமல், பாட்டை விட்டுவிட வேண்டும் என்றார்கள். அவள் அவர்களை விட்டாள்.

முதல் பேண்டு மாதா கோயில் திருவிழாவுக்காகக் கூடிய ஐந்து பேர். எனக்கு முந்திய காலம். அவள் எழுதிய பாட்டு பெரியவர்களுக்குப் பிடித்திருந்தது. வேகத்தை மட்டும் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள். மற்ற நாலு பேரும் குறைத்தார்கள். அவள் குறைக்கவில்லை. ஒரே பாட்டை நாலு பேர் மெதுவாகவும் ஒருத்தி வேகமாகவும் முடித்த அந்தத் திருவிழாவை மின்னி பேக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்துதான் சிரிப்பாள்.

இரண்டாவதில் நான் சேர்ந்தேன். வானிலை ஆபீசில் வேலை பார்த்த வங்காளி ஒருவர் கிதார், நான் டிரம்ஸ், இவள் பாட்டு. போர்ட் பிளேர் டாலிகஞ்சில் என் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் தகரக் கொட்டகையில் ரிகர்சல். மழை பெய்தால் தகரம் என்னைவிட நன்றாக டிரம்ஸ் அடிக்கும். ஒன்றரை வருஷத்தில் வங்காளிக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் வந்தது, கப்பல் ஏறிப் போனார், பேண்டும் போனது. எங்கள் ஊரில் அது சகஜம். மனஸ்தாபத்தில் உடைந்த பேண்டுகளைவிட ஆர்டர் வந்து உடைந்தவைதான் அதிகம்.

மூன்றாவது, ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில். சனி, ஞாயிறு சாயங்காலம் விருந்தாளிகளுக்கு முன்னால் வாசிக்க வேண்டும். இரண்டு பாட்டு அவளுடையது, மற்றதெல்லாம் சினிமாப் பாட்டு என்று மேனேஜரோடு ஒப்பந்தம். அவள் எப்படி ஒப்புக்கொண்டாள் என்று ஆச்சரியப்பட்டேன். மூன்றாவது வாரமே புரிந்தது. ஒரு விருந்தாளி துண்டுச் சீட்டில் ஒரு சினிமாப் பாட்டை எழுதிக் கொடுத்தனுப்பினார். இவள் அதை மைக்கில் வாசித்தாள். பிறகு ஹிந்தியில், "நல்ல பாட்டு. எழுதினவர் இங்கே இல்லை. எனக்கு அதைப் பாட உரிமை இல்லை. உங்களுக்குப் பிடித்த பாட்டு, நீங்களே வந்து பாடுங்கள், நாங்கள் வாசிக்கிறோம்" என்றாள். அந்த மனிதர் வேறு வழியில்லாமல் எழுந்து வந்தார். தப்பும் தவறுமாகப் பாடினார். முடித்தபோது அவர் மனைவி விசிலடித்தாள். அதன் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் சீட்டு எழுதினவர்களே பாடினார்கள். அவள் பாடியது அவளுடைய இரண்டு பாட்டு மட்டும். மேனேஜருக்கு ஒரு மாதம் கழித்துத்தான் விஷயம் உறைத்தது. அடுத்த படகிலேயே எங்களை ஏற்றிவிட்டார்.

நாலாவது பேண்டு இரண்டே மாதம். அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நானும் அதில் இல்லை.

அந்தக் காலத்தில் எங்கள் தீவில் இன்டர்நெட் வருவது பாதி வதந்தி. பாட்டு வேண்டுமென்றால் செல்போன் கடைக்குப் போய் மெமரி கார்டைக் கொடுப்போம், கடைக்காரர் கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றிக் கொடுப்பார். அப்படித்தான் அவள் பாட்டும் ஊர் ஊராகப் போனது. "மூணாம் நாள் பானி" என்று ஒரு பாட்டு. கோடை வந்தால் போர்ட் பிளேரில் குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை வரும், அதைப் பற்றி.

மூணாம் நாளு, மூணாம் நாளு, பானி வரும் மூணாம் நாளு
சுத்தி நாலு பக்கம் கடலு, குளிக்க வெச்ச பக்கெட் காலி
மனு குடுத்தா நாளைக்கின்னான், நாளை வந்தா லீவுன்னான்
குழாய்க்குக் கீழ நிக்கிறவள எண்ணிப் பாரு சாஹேப்பே

படிக்கும்போது ஒன்றும் இல்லை. அவள் அந்த "சாஹேப்பே"யை இழுத்துக் கத்தும்போது உட்கார்ந்திருப்பவனுக்கு எழுந்து நிற்கத் தோன்றும்.

இந்தப் பாட்டு மாயாபந்தரில் ஒரு கடையில் "மெட்ராஸ் ஹிட்ஸ்" என்ற தலைப்பின் கீழ் கிடக்கிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். மாயாபந்தர் பக்கத்துத் தெரு இல்லை. விடியுமுன் பஸ் ஏற வேண்டும், ஜிர்காடாங் கேட்டில் மற்ற வண்டிகளோடு வரிசையில் நிற்க வேண்டும், போலீஸ் வண்டி முன்னால் போக, ஜாரவா பழங்குடிகள் வாழும் காட்டை எங்கும் நிறுத்தாமல் கடக்க வேண்டும், அதற்கப்புறம் படகில் ஏறி இறங்கி, மறுபடி பஸ். ஒரு முழுப் பகல். ஒரு ஃபைலின் பெயரை மாற்ற ஒருத்தி போவாளா? போனாள். என்னையும் லீவு போட வைத்து இழுத்துக்கொண்டு போனாள்.

பஸ்ஸில் டிரைவர் பாட்டுப் போட்டிருந்தார். காட்டுக்குள் நுழையும்போது இவள் எழுந்து போய் அதை நிறுத்தச் சொன்னாள். "அடுத்தவங்க வீட்டு நடுக்கூடம் வழியாப் போறோம். பாட்டு போட்டுக்கிட்டாப் போவாங்க?" டிரைவர் நிறுத்தினார்.

மாயாபந்தர் கடைக்காரர் ஒரு வங்காளி, சாதுவான மனிதர். விஷயத்தைக் கேட்டதும் குழம்பிப் போனார். "ஆனா எல்லாரும் கேக்கறாங்களே தீதி, நல்லதுதானே?" என்றார் ஹிந்தியில்.

"கேக்கட்டும். யாரோட பாட்டுன்னு நினைச்சுக் கேக்கறாங்க?"

"மெட்ராஸ் பாட்டுன்னுதான்."

"நான் மெட்ராஸைப் பாத்ததே இல்ல" என்றாள்.

அவர் கம்ப்யூட்டரில் அந்தத் தலைப்பை மாற்றி, பாட்டின் பெயரையும் அவள் பெயரையும் டைப் அடித்தார். ஒரு எழுத்துப் பிழை. திருத்தச் சொன்னாள். திருத்தினார். அதற்குப் பிறகுதான் அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தாள். திரும்பும் வழியில் எனக்குக் கோபம். "இதுக்காக ரெண்டு நாள் லீவா? அவன் நாளைக்கே வேற பேருல போடுவான்" என்றேன்.

"போட்டா மறுபடி வருவேன். அண்ணே, எங்க வீட்டுல யாரு பேருலயும் நெலம் கெடயாது, போட்டு கெடயாது. மெயின்லேண்டுலேந்து வந்தவன், ஐலேண்டுக்காரன், ரெண்டு பேரும் எங்களை அடுத்தவன்னுதான் சொல்லுதான். என் பேருல இருக்கிறது பாட்டு மட்டுந்தான். அதையும் மெட்ராஸ்காரனுக்கு எழுதிக் குடுத்துட்டா, நான் எங்க நிப்பேன்?"

எனக்கு அப்போது அது அதிகப்படியாகத்தான் பட்டது. அதைச் சொல்லவும் செய்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. சொந்த ஊரில், பெரிய மேடையில், தன் பாட்டை மட்டும் பாட வேண்டும், இது இவள் எழுதியது என்று அறிவித்துவிட்டு. இருபது வருஷம் இதற்காகத்தான் பேண்டு பேண்டாகச் சேர்த்தாள். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ரிசார்ட்டிலும் ஒரு பாட்டு, இரண்டு பாட்டு என்று இடுக்கில் நுழைக்கத்தான் முடிந்தது. ஐந்தாவது பேண்டு அமைந்தபோது அவளுக்கு நாற்பத்திரண்டு. நான், அவள், பேஸ் வாசிக்க ஒரு மலையாளி எலெக்ட்ரிஷியன். அந்த வருஷம் அரசாங்கச் சுற்றுலா விழாவில் உள்ளூர்க் கலைஞர்களுக்கு இருபது நிமிஷம் ஒதுக்கினார்கள். எங்களுக்குக் கிடைத்தது. செய்தி சொன்ன அன்றைக்கு அவள் ஐஸ் மெஷினுக்குப் பக்கத்திலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை ஜில்லென்று இருந்தது.

ஃபாரம் நிரப்பும் வேலை எனக்கு வந்தது. வேறு யாருக்கு வரும்? பாட்டின் பெயர், எந்தப் படம், எழுதியவர் யார் என்று மூன்று கட்டம். நான் "மூணாம் நாள் பானி" என்று எழுதி, படம் என்ற கட்டத்தில் கோடு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த குமாஸ்தா என் ஜாதிதான், அதாவது குமாஸ்தா ஜாதி. கோட்டைப் பார்த்துவிட்டு, "சொந்தப் பாட்டா? அப்ப ஹிந்தியில மொழிபெயர்த்து மூணு காப்பி வேணும், கமிட்டி பாக்கணும். கமிட்டி கூடறதுக்குள்ள விழாவே முடிஞ்சிரும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏதாவது மூணு பழைய சினிமாப் பாட்டை எழுதிக் குடுங்க. மேடையில எதை வேணாலும் பாடிக்கோங்க. யாரு பாக்கப் போறா?" என்றார்.

முப்பது வருஷமாக நான் செய்துகொண்டிருந்ததே அதுதான். ஆய்வுக்கு யாரும் போகாமலே ஆய்வு அறிக்கை, வராத சாமானுக்கு வந்ததாக ரசீது. காகிதம் ஒரு பக்கம், காரியம் ஒரு பக்கம். இதில் எனக்கு உறுத்தல் வர வேண்டும் என்றுகூடத் தோன்றியதில்லை. மூன்று ஹிந்திப் பாட்டுகளின் பெயரை எழுதினேன், படத்தின் பெயரையும் எழுதினேன், எழுதிய கவிஞர்கள் பெயரைக்கூட விசாரித்துச் சரியாக எழுதினேன். என் ஒழுங்கைப் பாருங்கள். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வாள் என்று தெரியும், அதனால்தான்.

விழா சாயங்காலம் ஆறரைக்கு. மைதானம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் அதிகாரிகள், கடைசியில் சுவரோரம் ஜங்ளிகாட் ஆட்கள், மீன் நாற்றத்தோடு நேரே வந்தவர்கள். அவள் கிதாரை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். நான் குச்சியைத் தூக்கினேன். அறிவிப்பாளர், சேலை கட்டிய ஒரு இளம்பெண், கையிலிருந்த அட்டையைப் பார்த்து ஹிந்தியில் வாசித்தாள். இன்ன படத்திலிருந்து இன்ன பாடல், இயற்றியவர் இன்னார், உங்களுக்காக.

அவள் முதுகு விறைத்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். திரும்பினாள். மைக் ஆனில் இருந்தது.

"யாரு எழுதிக் குடுத்தது?"

"நான்தான்" என்றேன். "அது சும்மா காகிதத்துக்கும்மா. நீ உன் பாட்டைப் பாடு."

"காகிதத்துல நான் இல்லன்னா வேற எங்கண்ணே இருக்கேன்?"

மைதானம் முழுக்கக் கேட்டது. தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் என்ன என்று கேட்டார்கள். அவள் மைக் பக்கம் திரும்பி ஹிந்தியில் நிதானமாகச் சொன்னாள். "இப்ப நான் பாடப் போறது அந்தப் படத்துப் பாட்டு இல்ல. நான் எழுதினது. தப்பா எழுதியிருக்கு, கல்தி ஆயிருச்சு. திருத்திச் சொல்லுங்க, பாடறேன்."

அறிவிப்பாளர் மேடைக்கு ஓரமாக நின்ற அதிகாரியைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டி, ஆரம்பிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். இவள் ஆரம்பிக்கவில்லை. கிதாரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு நிமிஷம். ஐந்து நிமிஷம். இருபது வருஷம் காத்துக் கிடந்த இருபது நிமிஷம் என் கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தது. எழுந்து அவள் பக்கத்தில் போய்க் கெஞ்சினேன். "பாடிரும்மா. உன் பாட்டைத்தானே கேக்கப் போறாங்க."

"கேட்டுட்டு வீட்டுக்குப் போயி, அந்தப் படத்துப் பாட்டு ஜோரா இருந்துச்சும்பாங்க. நஹி அண்ணே. போயி உக்காருங்க."

முதல் வரிசை நெளிந்தது. நடுவில் யாரோ கூச்சல் போட்டார்கள். மலையாளி பேஸைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டார். பன்னிரண்டு நிமிஷம் போனது. எனக்கு அவள் மேல் கொலைவெறியே வந்தது, அதை ஒளிக்க மாட்டேன். இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். மைதானம் முழுக்க மேடையையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஓட முடியவில்லை.

கடைசியில் அந்த அறிவிப்பாளர்ப் பெண் யாரையும் பார்க்காமல் மைக்குக்கு வந்தாள். கையிலிருந்த அட்டையைக் கவிழ்த்து, பேனாவை எடுத்து, "பாட்டுப் பேரு சொல்லுங்க தீதி, உங்க பேரையும்" என்றாள். எழுதிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து ஒவ்வொரு சொல்லாக அறிவித்தாள். பாடல் மூணாம் நாள் பானி, எழுதியவரும் பாடுபவரும் இவர்.

மிச்சம் ஏழு நிமிஷம் இருந்தது. ஒரு பாட்டுக்குத்தான் நேரம். பாடினாள். முதல் வரிசையில் ஒருவரும் கை தட்டவில்லை. சுவரோரம் என்ன நடந்தது என்று சொன்னால் மறுபடியும் கதை விடுகிறேன் என்பீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன். இறங்கும்போது அவள் முகம் நனைந்திருந்தது. என்னைத் தாண்டி நடந்துபோனாள்.

நாலாம் நாள் எனக்கு மெமோ வந்தது. அங்கீகரித்த பட்டியலுக்கு மாறாகப் பாடல் பாடப்பட்டது எப்படி, விளக்கம் தருக. கூடவே ஒரு நல்ல மனிதர், என் மேலதிகாரிதான், பதிலையும் தட்டச்சு செய்து கையில் கொடுத்தார். பாடகி பட்டியலைத் தன்னிச்சையாக மீறி ஏதோ ஒரு தண்ணீர்ப் பாட்டைப் பாடினார், அதில் எனக்குப் பங்கில்லை. "கையெழுத்து மட்டும் போடுங்க. அந்தம்மாவுக்கு இனிமே கவர்ன்மெண்ட் மேடை கிடையாது, அவ்வளவுதான். உங்களுக்கு ரிட்டயர்மெண்ட் பக்கத்துல இருக்கு" என்றார். எனக்கு இரண்டு பிள்ளைகள் மெயின்லேண்டில் படித்துக்கொண்டிருந்தார்கள். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். மூன்றாம் நாள் ஐஸ் கவுண்டருக்குப் போனேன். எதற்குப் போனேன் என்றால், அவளே சரி என்று சொல்லிவிட்டால் எனக்கு உறுத்தாது பாருங்கள், அதற்காக.

அவள் மெஷினை நிறுத்தினாள். வேலை நேரத்தில் அவள் அதை நிறுத்தி நான் பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"பாட்டுக்கு என்ன பேரு போட்டிருக்கு?"

"ஏதோ ஒரு தண்ணீர்ப் பாட்டுன்னு."

"பேனா குடுங்க."

கொடுத்தேன்.

"கையெழுத்துப் போடணும்னா போடுங்கண்ணே. உங்களுக்குப் புள்ளைங்க இருக்கு. மேடை போனா போவட்டும், நான் இந்தக் கவுண்டர்ல நின்னு பாடுவேன். ஆனா பாட்டுப் பேரு தப்பா இருக்கே. இதை இப்படியே அனுப்பக் கூடாது."

'ஏதோ ஒரு தண்ணீர்ப் பாட்டு' என்ற இடத்தை என்னைக் காட்டச் சொல்லி அடித்துவிட்டு, மேலே தமிழில் சரியான பெயரை எழுதினாள். தன்னைக் குற்றவாளியாக்கும் காகிதத்தில் அவள் திருத்தியது அந்த ஒன்றைத்தான். பிறகு தாளைத் திருப்பி, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பாட்டு முழுவதையும் பின்பக்கத்தில் எழுதினாள். எட்டுச் சரணம். கடைசியில் தன் பெயர். "இதையும் சேத்துக் குடுங்க. என்ன பாட்டுக்காகத் திட்டுதாங்கன்னாவது தெரியட்டும்" என்று நீட்டிவிட்டு மெஷினைப் போட்டாள்.

அந்தச் சத்தத்தில் நான் ஏதோ சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. நல்லதுதான், மன்னிப்பு மாதிரி ஏதோ உளறல் அது.

மறுநாள் புதிதாக அரைப் பக்கம் எழுதினேன். பட்டியலில் பொய்ப் பெயர் எழுதியவன் நான். பாடகிக்கு அது தெரியாது. அவர் பாடியது அவரே இயற்றிய பாடல். அதன் முழு வடிவம், இயற்றியவர் கையெழுத்தில், இணைப்பில் காண்க. எழுதிக் கையெழுத்திட்டு, அவள் எழுதிய பக்கம் மேலே இருக்கும்படி அந்தத் தாளையும் கோர்த்தேன். அன்றைக்குச் சோறு இறங்கியது. மேலதிகாரி படித்துவிட்டு, "உங்களுக்குப் பைத்தியமா?" என்றார். ஒரு இன்கிரிமென்ட் போனது. என்னை ரெக்கார்டு அறைக்கு மாற்றினார்கள்.

ஆறாவது பேண்டில் அவள் என்னைச் சேர்க்கவில்லை. வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன். "கோவம் இல்லண்ணே. நீங்க பின்னால உக்காந்து அடிச்சா, முன்னால நிக்கிற எனக்கு முதுகு கூசும்" என்றாள். அந்தப் பேண்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, முழுக்க அவள் பாட்டுதான் என்று கேள்வி. அவளுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

ரெக்கார்டு அறையில் என் வேலை பழைய ஃபைல்களைப் பிரிப்பது. ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று குறிப்பேன். அந்தக் கெடு முடிந்ததும் எரித்துவிடுவார்கள். நான் ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது, என் மேலான நடவடிக்கை ஃபைல் மூடப்பட்டு அங்கேயே வந்து சேர்ந்தது. கட்டைப் பிரித்துப் பார்த்தேன். மெமோ, என் அரைப் பக்கம், அதன் பின்னால் அவள் கையெழுத்தில் எட்டுச் சரணம், கீழே அவள் பெயர். ஐஸ் தண்ணீர் பட்ட இடத்தில் மை கொஞ்சம் பரவியிருந்தது, ஆனால் வாசிக்க முடிந்தது. ஒவ்வொரு தாளிலும் அரசாங்க எண் போட்டு, கோர்த்து, ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருந்தது. விதிப்படி அந்த மாதிரி ஃபைலுக்கு ஐந்து வருஷம். நான் மூலையில் 'நிரந்தரம்' என்று எழுதி, சீல் வைத்து, அலமாரியின் மேல் தட்டில் ஏற்றினேன். அரசாங்கக் காகிதத்தில் நான் எழுதிய கடைசிப் பொய் அது. வேண்டுமானால் அதற்கும் விளக்கம் கேட்கட்டும்.